குளிர்கால எரிபொருள் உதவித்தொகை: 2024-இன் வெட்டும் 2025-இன் திருத்தமும்

பிரிட்டனில் முதியோர் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கென ஆண்டுதோறும் தரப்பட்டுவந்த 200 அல்லது 300 பவுண்டை, வறியோருக்கான சலுகைகளைப் பெறுவோருக்கு மட்டுமே என்று 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சுருக்கியபோது, ஏறத்தாழ 1 கோடிப் பேர் அதை இழந்தனர். வசதியுள்ளவருக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தச் சலுகைகளுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுபட்டவர்கள் பல லட்சம் பேர். 200-க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவத்தை, பார்வை மங்கித் தனித்து வாழும் ஒருவர் எப்படி நிரப்புவார்? சலுகைக்கான வருமான வரம்பைச் சில பவுண்டு தாண்டியவருக்கோ அந்த வழியும் இல்லை.

2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட முறையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பணம் முதலில் முதியோர் கைக்குப் போய்ச் சேர்கிறது. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் உள்ளவரிடமிருந்து மட்டும் வரி வழியாகத் திரும்பப் பெறப்படுகிறது. அரசுக்கு மிச்சமாவது குறைவுதான். எனினும் ஏழை முதியவர் எதையும் நிரூபிக்க அலைய வேண்டியதில்லை என்பதால், இதையே நான் சரியான சிக்கனம் என்பேன்.