பல்லி சாப்பிடவில்லை என்றதும் பாட்டிலை நீட்டுகிறவரிடம் போகாதீர்கள்

நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி ஒழுங்காக இரை எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதை எனக்கு விற்றவரிடம் மூன்றாவது முறையாகப் போய் நின்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்து வைத்தார். "பசித் துளி. வாயோரம் இரண்டு சொட்டு விடுங்கள், மறுநாளே இரைமேல் பாயும்" என்றார். பாட்டிலில் தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. விலை மட்டும் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அளவுக்கு என் மூளை வேலை செய்யவில்லை.

அவர் சொன்ன எதுவுமே முழுப் பொய் இல்லை; அதனால்தான் ஏமாந்தேன். முதல் முறை கேட்டபோது, "புது இடம், பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்" என்றார். உண்மைதான், தொட்டி மாறிய கெக்கோ ஒன்றிரண்டு வாரம் இரையைத் தொடாமல் இருப்பது உண்டு. இரண்டாம் முறை, "குளிர்காலம், மந்தமாகத்தான் இருக்கும்" என்றார். அதுவும் உண்மை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட பாறை நிலத்துப் பிராணி இது. குளிர் மாதங்களில் அடங்கிக் கிடப்பது அதன் இயல்பு. தோல் உரிக்கும் நாட்களில் சாப்பிடாது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கெக்கோ வாரக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது என்பதெல்லாம்கூட அவருக்கு அத்துப்படி. ஆனால் அப்படி இயல்பாகப் பட்டினி கிடக்கும் கெக்கோ இளைக்காது, இளைத்தாலும் மிகக் கொஞ்சமே இளைக்கும் என்பதை மட்டும் அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. "எடை என்ன?" என்று கேட்கவும் இல்லை.

நானும் பார்க்கவில்லை. வாங்கி வந்த அன்று சமையலறைத் தராசில் வைத்தபோது 52 கிராம். அதன் பிறகு, "அடிக்கடி கையில் எடுத்தால் மிரண்டுவிடும்" என்று அவர் சொன்னதால் தராசுப் பக்கமே போகவில்லை. வாரம் ஒருமுறை எடை பார்ப்பதால் எந்தக் கெக்கோவும் மிரண்டு சாகாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, அதற்குள் இறக்கிவிட்டால் அரை நிமிட வேலை.

வாலைப் பார்த்திருந்தாலே போதும். இதன் களஞ்சியம் வால்தான். மிஞ்சிய கொழுப்பெல்லாம் அங்கே சேரும். வந்த புதிதில் என் கட்டைவிரல் பருமனில், நடுவில் உப்பி இருந்தது. ஆறாம் வாரம் பென்சில் மாதிரி ஆகியிருந்தது. அடிவாலின் இரு பக்கமும் குழி விழுந்து எலும்பின் கணுக்கள் வரிசையாகத் தெரிந்தன. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது படவே இல்லை. ஊரிலிருந்து வந்த என் அக்காதான், "இது என்ன, வால் இப்படிச் சூம்பிப் போயிருக்கிறது?" என்று கேட்டாள்.

அதற்குள் துளி வேலை செய்யவில்லை என்று நான்காம் முறையும் கடைக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை பிராணியையே கொண்டுவரச் சொன்னார். கடைப் பையன் ஒரு பிளாஸ்டிக் அட்டையைத் தாடைக்கு நடுவே செருகி நெம்பினான். பக்கத்துத் தொட்டியில் அப்போதுதான் நுழைத்து எடுத்த இடுக்கியாலேயே தலை நசுக்கிய ஒரு புழுவைத் தொண்டைக்குள் தள்ளினான். ஈறோரம் ஒரு சொட்டு ரத்தம். "பார்த்தீர்களா, முழுங்கிவிட்டது!" என்று பெருமையாகச் சொன்னார் உரிமையாளர். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் அந்தப் புழு அப்படியே வெளியே வந்தது.

மறுநாள்தான் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் பிராணியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: "தொட்டியின் சூடான பக்கத்தில் தரையின் வெப்பம் எவ்வளவு?" 32 டிகிரி என்றேன் தெம்பாக. "தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது?" கண்ணாடிச் சுவரில், மேலே ஒட்டியிருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கெக்கோ உண்ட இரை செரிக்க வயிற்றின் அடியில் சூடு வேண்டும். சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருந்தால்தான் அது இங்கும் அங்கும் நகர்ந்து தன் உடலைத் தானே சரிசெய்துகொள்ளும். சூடு இல்லையென்றால் குடல் நின்றுவிடும், பசியும் நின்றுவிடும். அந்த நிலையில் வாயைத் திறந்து திணிக்கும் இரை உள்ளேயே அழுகும். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி தெரிந்தது: மணல்.

"கால்சியம் மணல், தின்றாலும் செரித்துவிடும்" என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்த பைதான். செரிக்காது, ஈரம் பட்டால் கட்டிபடும். போதிய கால்சியம் கிடைக்காத கெக்கோ அதை நக்கி நக்கித் தின்னும். சிறிய கிண்ணத்தில் வெறும் கால்சியம் பொடியும், தரைக்குக் காகிதத் துண்டும் போதும் என்றார் மருத்துவர். தராசில் 41 கிராம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது.

அன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்தேன். முனைக்கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை மணலின் மேல் வைத்தேன்: 24 டிகிரி. ஹீட் மேட், அதாவது சூடேற்றும் விரிப்பு, தொட்டிக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே மூன்று விரல் உயரத்துக்கு மணலைக் கொட்டச் சொன்னவர் அந்தக் கடைக்காரரே. சூடு ஏறி வர வழியே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த முள் தெர்மாமீட்டரைப் பிய்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் எடுத்தபோது அது வேர்த்திருந்தது. முள் மட்டும் 32-ஐ விட்டு அசையவில்லை.

மணலை எல்லாம் அள்ளிய பிறகு அதே ஹீட் மேட் வெறும் கண்ணாடியை 43 டிகிரிக்குக் கொண்டுபோனது, அதாவது வயிறு வெந்துவிடும் சூட்டுக்கு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டிருந்தேன். "அது பணம் பிடுங்கும் வேலை" என்று சொன்னவரும் இதே புண்ணியவான்தான்.

வைத்தியம் எளிமையாகவே இருந்தது. முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் நிற்கவைத்தல், அதற்கெல்லாம் பிறகுதான் உணவு. மருத்துவரிடம் அந்தப் பாட்டிலைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். ஏ, டி போன்ற வைட்டமின்கள் உடலில் தங்கிச் சேர்பவை, அளவு தெரியாமல் ஊற்றினால் அவையே விஷம் என்றார்.

உண்மையில் தூக்கம் போனது மலப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில். வால் இப்படிச் சூம்புவதற்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது. மலத்தின் வழியே பரவும். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு மசியாது. தொட்டிக்குத் தொட்டி மாறிய அந்த இடுக்கி கனவில் வந்தது. ஒருமுறை இல்லை என்று வந்தால் மட்டும் நம்பக் கூடாது என்று மூன்று முறை மாதிரி எடுத்தார்கள். மூன்றிலும் இல்லை.

பதினொன்றாம் நாள் மணல் கலந்த ஒரு கட்டி மலத்தோடு வெளியே வந்தது. அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எந்த மலத்தையும் பார்த்ததில்லை. அதற்கு நான்கு நாள் கழித்து, இடுக்கி நுனியில் நெளிந்த சிறு புழுவைப் பார்த்து வால் நுனியை மெல்ல ஆட்டியது. இரண்டு முறை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பாய்ந்து பிடித்தது. இப்போது 49 கிராம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கக் கடைக்குப் போனேன். உரிமையாளர் ரசீதை வாங்கிப் பார்த்தார். "தொட்டி, துணைப்பொருட்கள்" என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. மணலைப் பற்றியோ துளியைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. "உயிருள்ள பொருளுக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?" என்று கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஒரு சிறுவனிடமும் அவன் அப்பாவிடமும் பேசத் தொடங்கினார். அப்பா கேட்டார், "இது சாப்பிடுவதைப் பார்க்கலாமா?" "காலையில்தான் வயிறு முட்டச் சாப்பிட்டது" என்றார் இவர். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

சுவரோரம் வரிசையாக ஏழு தொட்டிகள் இருந்தன. ஒன்றில் விளக்குகூட எரியவில்லை. ஏழிலும் முள் 32-இல் நின்றது. அந்த அப்பாவின் தோளைத் தொட்டேன்.