எலெக்ட்ரான் கற்றைக்குப் போகும் பவுச்: பாலிப்புரொப்பிலீனா, பாலிஎத்திலீனா?

நவி மும்பையில் மருத்துவக் கருவிகளுக்குப் பவுச் தயாரிக்கும் எங்களைப் போன்ற சிறு ஆலைகளில், எலெக்ட்ரான் கற்றையால் கிருமி நீக்கம் செய்யப்போகும் பவுச்சின் உள்படலத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்கை எடுப்பது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நாங்கள் அண்மையில் பாலிஎத்திலீனைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்.

வாங்குவதில் இரண்டுக்கும் சிரமம் இல்லை. பாலிப்புரொப்பிலீன் படலம் தெளிவானது, விறைப்பானது, 121 டிகிரி நீராவியையும் தாங்கக்கூடியது. அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் அந்தச் சூட்டில் உருகிவிடும். ஆனால் நீராவிக்கே போகாத பவுச்சுக்கு இந்தச் சிறப்பால் பயன் இல்லை.

கற்றையின் சூட்டால்தான் படலம் கெடுகிறது என்று எங்கள் துறையிலேயே பலர் நினைக்கிறார்கள். வழக்கமான கிருமி நீக்க டோஸ் 25 கிலோகிரே, அதாவது ஒரு கிலோ பொருளுக்கு 25 கிலோஜூல். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் படலத்தின் சூடு ஏறத்தாழ 10 டிகிரிதான் ஏறும். கெடுதல் நேர்வது வேதியியலால். வேகமான எலெக்ட்ரான்கள் மூலக்கூறுகளை அயனியாக்கி, கார்பன்–ஹைட்ரஜன், கார்பன்–கார்பன் பிணைப்புகளை அறுக்க, அங்கெல்லாம் இணை சேராத எலெக்ட்ரானுடன் தனி உறுப்புகள் மிஞ்சுகின்றன. அவை அடுத்து என்ன செய்கின்றன என்பதில்தான் இரண்டு பிளாஸ்டிக்குகளும் பிரிகின்றன.

பாலிஎத்திலீனில் பக்கத்துச் சங்கிலிகளின் தனி உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து குறுக்குப் பிணைப்பாவதே மேலோங்குகிறது. பாலிப்புரொப்பிலீனிலோ ஒவ்வோர் அலகிலும் மெத்தில் கிளை தாங்கிய மூவிணைய கார்பன் (மூன்று கார்பன்களோடு இணைந்தது) ஒன்று இருக்கிறது. அதன் ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படுகிறது. அங்கே ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சி உறுப்பாகவும், பின்னர் ஹைட்ரோபெராக்சைடாகவும் மாறி, இறுதியில் சங்கிலியே அறுகிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகப் படலம் நொறுங்கும் தன்மை அடைகிறது.

எங்கள் தீர்மானத்தைத் திருப்பியது இதன் தொடர்ச்சிதான்: கற்றை நின்ற பிறகும் இந்த வேதிவினை நிற்பதில்லை. பாலிப்புரொப்பிலீனின் படிகப் பகுதிகளுக்குள் சிக்கிய தனி உறுப்புகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மெல்ல ஊடுருவி வரும் ஆக்சிஜனைச் சந்திக்கின்றன. சேர்ந்துவிட்ட ஹைட்ரோபெராக்சைடு சிதையும்போது புதிய தனி உறுப்புகளும் பிறக்கின்றன. கதிர்வீச்சு முடிந்த மறுநாள் இழுவைச் சோதனையில் இரண்டு படலங்களும் தேறிவிடலாம். கிடங்கில் நாள்பட்ட மாதிரிகளை எடுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. நிலைப்படுத்தி (சிதைவைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்) குறைவாகப் போட்ட பாலிப்புரொப்பிலீன் பட்டையை மடித்து நகத்தால் நீவினால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுகிறது, எதிர்ப்புறம் மடித்தால் அந்தக் கோட்டிலேயே முறிகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ அருகே, ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான கார்பனைல் மேடு எழுந்து நிற்கிறது. பாலிஎத்திலீன் பட்டை அதே மடிப்புக்கு வளைந்து கொடுக்கிறது. சில ஆண்டுகள் அலமாரியில் இருந்த பிறகு பிரிக்கப்படும் கிருமி நீக்கிய பவுச்சில் இதைவிடப் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கிருமி நீக்கத்தின் இன்னொரு வழியான கோபால்ட்-60 காமா கதிரை நன்கறிந்த ஊர் மும்பை. மருத்துவப் பொருள்களுக்குக் காமா கொடுக்கும் ட்ராம்பேயின் ஐசோமெட் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது. காமாவில் ஒரு டோஸ் முடிய மணிக்கணக்காகும், அவ்வளவு நேரமும் ஆக்சிஜன் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். கார்கரில் உள்ள 10 மெகா எலெக்ட்ரான்வோல்ட் முடுக்கி போன்றவற்றில் அதே டோஸ் மிகக் குறைந்த நேரத்தில் விழுந்துவிடுவதால், படலத்தில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் மேலும் வந்து சேர நேரமில்லை. அதனால் பாலிப்புரொப்பிலீனுக்குக் காமாவைவிட எலெக்ட்ரான் கற்றை இரக்கமானது. ஆனாலும் கிடங்கில் தொடரும் கேட்டை அது ஒழிப்பதில்லை.

பாலிஎத்திலீனும் குறையற்றதன்று. காற்றில் காமா கொடுத்த செயற்கை இடுப்பு மூட்டுகளின் பாலிஎத்திலீன் அலமாரியிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்தது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. 1990களில் மந்த வாயுச் சூழலுக்கு மாறியதற்கு அதுவே காரணம். அது தடித்த, மூலக்கூறு எடை மிக அதிகமான வகை. எங்கள் அனுபவமோ படிகத்தன்மை குறைந்த மெல்லிய படலங்களோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் உறுதி கூற மாட்டேன். குறுக்குப் பிணைப்பு கூடிய படலம் உருகி ஓடுவது குறையும் என்பதால் சீலிங்கை எப்போதும் கதிர்வீச்சுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். பவுச்சைத் திறக்கும்போது லேசான வாடையும் வரும்.

வாடிக்கையாளர் பாலிப்புரொப்பிலீனையே வற்புறுத்தினால், கதிர்வீச்சுக்கென்று தயாரித்த ரேண்டம் கோபாலிமர் (சங்கிலியில் இடையிடையே எத்திலீன் கலந்தது) வகையைக் கேளுங்கள். பீனால் வகை நிலைப்படுத்திகள் கதிர்பட்டு மஞ்சளிக்கும் இயல்புடையவை; தடையுற்ற அமீன் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. எலெக்ட்ரான் கற்றையின் டோஸ் பெட்டிக்குள் ஒரே அளவாக விழுவதில்லை, மேற்பரப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஆகையால் நாள்பட வைத்துச் சோதிக்கும் மாதிரியைக் குறைந்தபட்ச டோஸ் விழுந்த இடத்திலிருந்து எடுக்காமல், அதிகபட்ச டோஸ் விழுந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.