கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல கிரிமினல் ஜஸ்டிஸ் டிரான்ஸ்ஃபர் டிகிரி: ஒரு விரிவான ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வரும். ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சு டிகிரி வாங்கிட்டு, மிச்சத்தை முடிக்க யூனிவர்சிட்டிக்கு மாறிப் போறதுதான் இந்த வழி. அக்கா பொண்ணு இப்படித்தான் போயிட்டிருக்கா, நான் பக்கத்துல இருந்து பேப்பர் எல்லாம் படிச்சுப் பாத்தவ. நம்ம வட்டாரத்துல கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எந்த காலேஜ்ல எந்த வாத்தியார்னு வரைக்கும் தமிழ்லயே தகவல் கிடைக்குது, கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கணும்னு ஒரு பிள்ளை சொன்னா வீட்ல எல்லாரும் முழிக்கிறோம். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

கலிஃபோர்னியால அரசு காலேஜ் மூணு அடுக்கு. 1960ல போட்ட மாஸ்டர் பிளான் அது. மேல யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), நடுவுல சிஎஸ்யு (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), கீழ கம்யூனிட்டி காலேஜ். கம்யூனிட்டி காலேஜ் மட்டும் 116, சிஎஸ்யு 22 கேம்பஸ். ஒவ்வொரு காலேஜுக்கும் தனி கேட்டலாக், தனி கோர்ஸ் நம்பர். ஒரே பாடத்துக்கு ஒரு இடத்துல ஏஜே, இன்னொரு இடத்துல ஏடிஎம்ஜே, வேற இடத்துல ஏடிஜேயு. முன்னாடியெல்லாம் ரெண்டு வருஷம் கீழ படிச்சிட்டு மேல போனா இதை ஏத்துக்க மாட்டோம், அதை திரும்பப் படின்னு சொல்லி பிள்ளைங்களை மூணு வருஷம் நாலு வருஷம்னு இழுத்தடிச்சிருக்காங்க. காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு தலைவலியோட போயிடும். பகல்ல வேலை, ராத்திரில கிளாஸ்னு ஓடற பிள்ளைக்கு அதுதான் படிப்பையே விட்டுட்டுப் போற இடம்.

இதுக்குத்தான் 2010ல எஸ்பி 1440ன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அப்ப ஸ்டேட் செனட்டரா இருந்த அலெக்ஸ் பாடியா கொண்டு வந்தது, இப்ப அவரு யுஎஸ் செனட்ல இருக்காரு. சட்டம் சொல்றது சிம்பிள்தான், கம்யூனிட்டி காலேஜ்ல 60 செமஸ்டர் யூனிட்ல (யூனிட்னா கிரெடிட்) ஒரு டிரான்ஸ்ஃபர் டிகிரி முடிச்சா சிஎஸ்யுல எங்கயாவது ஒரு இடம் உறுதி, நேரா ஜூனியரா, அதாவது மூணாவது வருஷத்துல, சேரலாம், மிச்சத்தை இன்னொரு 60 யூனிட்ல முடிக்க வழி இருக்கணும், படிச்ச பாடத்தை மாதிரியே இருக்கறதை திரும்பப் படின்னு சொல்லக் கூடாது. கிரிமினல் ஜஸ்டிஸ்ல அந்த டிகிரிக்குப் பேரு அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ், சுருக்கமா ஏஜே.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் சி-ஐடின்னு ஒரு பொது நம்பர். கம்யூனிட்டி காலேஜ் வாத்தியாருங்களும் சிஎஸ்யு வாத்தியாருங்களும் ஒண்ணா உக்காந்து, அறிமுகப் பாடத்துல இது இது இருந்தே ஆகணும்னு எழுதி அதுக்கு ஏஜே 110ன்னு ஒரு நம்பர் குடுத்துட்டாங்க. கிரிமினல் லா அடிப்படைக்கு ஏஜே 120. எந்த காலேஜா இருந்தாலும் அவங்க பாடத்திட்டத்தை அனுப்பி, அது சரின்னு ஆனா அந்த நம்பரைப் போட்டுக்கலாம். உள்ளூர் நம்பர் என்னவா வேணா இருக்கட்டும், கேட்டலாக்ல கோர்ஸ் விவரத்துக்குக் கீழ பொடி எழுத்துல சி-ஐடி ஏஜே 110ன்னு இருந்தா போதும். சட்டசபைல சட்டம் போடறது ஒரு பக்கம், ஆளாளுக்கு என் சிலபஸ்தான் உசத்தின்னு நிக்கற வாத்தியாருங்களை ஒரே பக்கத்துல கையெழுத்துப் போட வைக்கறது வேற லெவல் வேலை. அதைச் செஞ்சவங்களுக்கு ஒரு கும்பிடு.

டிகிரி அமைப்பும் தெளிவு. 110ம் 120ம் எல்லாருக்கும் கட்டாயம். அப்புறம் ஒரு லிஸ்ட்ல இருந்து ரெண்டு எடுக்கணும். கோர்ட் நடைமுறை, எவிடென்ஸ், புலனாய்வு, ஃபாரன்சிக்ஸ் அறிமுகம், சமூகமும் நீதித்துறையும், கரெக்‌ஷன்ஸ் (சிறை, தண்டனை நிர்வாகம்), சிறார் சட்ட நடைமுறைன்னு அதுல இருக்கும். அடுத்த லிஸ்ட்ல சோஷியாலஜி, சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகையறா. மேஜர் பாடம் மொத்தம் 18 யூனிட்டை ஒட்டி வரும், மிச்சம் பொதுப் பாடம். என் கருத்து, ஸ்டாட்டிஸ்டிக்ஸை இங்கயே முடிச்சிடுங்க. மேல போனதும் ரிசர்ச் மெத்தட்ஸ் காத்துட்டிருக்கும், கணக்குன்னாலே பயப்படற பிள்ளை அங்க போய் சிக்கிக்கும்.

இந்த நம்பர் உண்மையிலயே வேலை செய்யுதான்னா செய்யுது, கண்ணால பாத்தேன். அக்கா பொண்ணு காலேஜ்ல, பேரு வேண்டாம், எவிடென்ஸ் கிளாஸ் கேட்டலாக்ல இருக்கு ஆனா அந்த செமஸ்டர் ஷெட்யூல்ல ஒரு செக்‌ஷன் கூட இல்ல. அடுத்த செமஸ்டரும் நிச்சயம் இல்லன்னுட்டாங்க. இவ தேடிப் பாத்து, ரெண்டு ஊர் தள்ளி இருக்கற வேற ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஆன்லைன்ல அதே கிளாஸ் ஓடுதுன்னு கண்டுபிடிச்சு சேர்ந்து பாஸும் பண்ணிட்டா. திரும்ப வந்து ஆபீஸ்ல குடுத்தா, கோர்ஸ் பேரு வேற, நம்பரு வேற, மனு போடு, கமிட்டி பாக்கும்னு சொல்லிட்டாங்க. பொண்ணு முகம் வாடிப் போய் வந்துச்சு, எனக்கு வயித்தெரிச்சல். "சித்தி, ரெண்டு கேட்டலாக்லயும் சி-ஐடி ஏஜே 124ன்னு இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டா. அதையேதான் ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அந்த வரியை மார்க்கர்ல கோடு போட்டு கொண்டு போய் வெச்சா, இந்தத் தடவை வேற ஒரு கவுன்சிலர், பாத்தாரு, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரு. மனுவும் இல்ல கமிட்டியும் இல்ல. முன்னாடி காலத்துல இதுக்கு ஒரு செமஸ்டர் போயிருக்கும்.

காசு விஷயம். கம்யூனிட்டி காலேஜ்ல கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760. முதல் முறையா ஃபுல் டைம் சேர்ற பிள்ளைக்கு பல காலேஜ்ல ரெண்டு வருஷ ஃபீஸும் தள்ளுபடி கிடைக்கும், கட்டாயம் கேளுங்க. சிஎஸ்யுல 2024-25ல வருஷ ட்யூஷன் மட்டும் 6,084 டாலர், அது வருஷா வருஷம் 6 சதவீதம் ஏறிட்டு வருது. முதல் ரெண்டு வருஷத்தைக் கீழ முடிக்கறது எவ்ளோ பெரிய மிச்சம்னு பாத்துக்கோங்க.

இப்ப குறை. உறுதின்னு சொல்றது சிஎஸ்யுல எங்கயாவது ஒரு இடத்துக்குத்தான், நீங்க கேட்ட கேம்பஸுக்கு இல்ல. அதோட கேம்பஸுக்கு கேம்பஸ் டிகிரி வேற. சான் ஹோசேல ஜஸ்டிஸ் ஸ்டடீஸ், ஃப்ரெஸ்னோல கிரிமினாலஜி, சாக்ரமென்டோல கிரிமினல் ஜஸ்டிஸ், சான் லூயிஸ் ஒபிஸ்போல இந்த மேஜரே கிடையாது. பேரு மட்டும் மாறலீங்க, பாக்கற பார்வையே மாறுது. ஒரு இடத்துல போலீஸ் நிர்வாகம் தூக்கலா இருக்கும், ஒரு இடத்துல சமூக நீதி, மனித உரிமை, ஃப்ரெஸ்னோ மாதிரி இடத்துல பாதிக்கப்பட்டவங்களைப் பத்தின விக்டிமாலஜிக்கே தனிப் பிரிவு. எந்தக் கேம்பஸ்ல எந்த டிகிரி உங்க டிரான்ஸ்ஃபர் டிகிரிக்கு ஒத்ததுன்னு ஒரு பட்டியல் இருக்கு, அந்த 60 யூனிட் வாக்குறுதி அதுக்குள்ள இருந்தாத்தான் செல்லும். போனப்புறம் மேஜர் மாத்தினா அதோட போச்சு. அதனால எங்க முடிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னாடி எண்ணி வாங்க. காலேஜ்ல சேர்ற முதல் நாளே பிள்ளைங்க கிட்ட இதை யாரும் அழுத்திச் சொல்றதில்ல, என் ஒரு ஸ்டார் இதுக்குத்தான் போச்சு.

இந்த வித்தியாசத்துக்குப் பழைய கதை இருக்கு. பெர்க்லில போலீஸ் சீஃபா இருந்த ஆகஸ்ட் வோல்மர், போலீஸ்காரன் காலேஜ் படிச்சவனா இருக்கணும்னு பிடிவாதமா நின்னவரு, 1916லயே யூசி பெர்க்லில சம்மர் கிளாஸ் ஆரம்பிச்சாரு. சான் ஹோசேல 1930ல போலீஸ் ஸ்கூல் வந்துச்சு. பெர்க்லில பின்னால கிரிமினாலஜிக்குன்னே தனி ஸ்கூல் வளந்து, போலீஸுக்கு ஆள் தயார் பண்றதா போலீஸையே கேள்வி கேக்கறதான்னு உள்ளயே பெரிய சண்டை, 1976ல மூடிட்டாங்க. அந்த சண்டை இன்னும் தீரல, அதனாலதான் மேல ரெண்டு வருஷத்துக்கு ஒரே பாடத்திட்டம்னு யாராலயும் போட முடியல. அதைக் குறைன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாக் கேம்பஸும் ஒரே மாதிரி யோசிச்சா அது படிப்பு இல்ல. அடித்தளம் பொது, மேல அவங்கவங்க வழின்னு இருக்கறது எனக்கு சரியாத்தான் படுது.

யூசி கனவு உள்ளவங்க கவனிங்க, இந்த உத்தரவாதம் யூசிக்குக் கிடையாது. யூசி அர்வைன்ல கிரிமினாலஜி, லா அண்ட் சொசைட்டின்னு நல்ல டிபார்ட்மென்ட் இருக்கு, அதுக்கு, எந்தக் காலேஜ் பாடம் எங்க செல்லும்னு காட்டற அசிஸ்ட் சைட்ல போய் உங்க காலேஜுக்கும் அதுக்கும் என்ன ஒப்பந்தம்னு தனியாப் பாக்கணும். இடது பக்கம் யூனிவர்சிட்டி பாடம், வலது பக்கம் உங்க காலேஜ் பாடம், நடுவுல அம்பு. வலது பக்கம் நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்னு இருந்தா அந்தப் பாடத்துக்கு உங்க காலேஜ்ல ஈடு இல்லன்னு அர்த்தம். வருஷத்தை சரியா செலக்ட் பண்ணுங்க, போன வருஷ ஒப்பந்தத்தை வெச்சு பிளான் போடாதீங்க. பொதுப் பாடத்துக்கு மட்டும் 2025 ஃபால் செமஸ்டர்ல இருந்து யூசி, சிஎஸ்யு ரெண்டுக்கும் சேர்த்து கால்-ஜெட்சின்னு 34 யூனிட்ல ஒரே திட்டம் வந்திருக்கு, பெரிய நிம்மதி.

அப்புறம் டிவி பாத்துட்டு ஃபாரன்சிக் லேப்ல வேலை வேணும்னு வர்ற பிள்ளைங்க நிறைய. லேப்ல ரத்தம், டிஎன்ஏ பாக்கறவங்க கெமிஸ்ட்ரியோ பயாலஜியோ படிச்சவங்க. இந்த டிகிரில கெமிஸ்ட்ரி கிடையாது. ஃபாரன்சிக்ஸ் பாடம் ஏஜே 150 ஒரு அறிமுகம், அவ்ளோதான். சிஎஸ்யுவோட லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ்லயே (கால் ஸ்டேட் எல்ஏ) 2007ல இருந்து பெரிய கிரைம் லேப் கட்டடம் இருக்கு, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸும் (எல்ஏபிடி) ஷெரிஃப் டிபார்ட்மென்ட்டும் அங்கதான் வேலை செய்யறாங்க, அந்தப் பக்கம் போகணும்னா முதல் நாள்ல இருந்தே சயின்ஸ் எடுக்கணும். அதே மாதிரி இந்த டிகிரி வாங்கினா போலீஸ் ஆயிடலாம்னும் நினைக்காதீங்க. போலீஸ் அகாடமி தனி, குறைஞ்சது 664 மணி நேரப் பயிற்சி. 2021ல வந்த ஏபி 89 சட்டப்படி போலீஸ்ல சேர வயசும் 21 ஆயிருச்சு. அந்த சட்டம்தான் கம்யூனிட்டி காலேஜ்கள் போலீஸ்காரங்களுக்குன்னே ஒரு புது டிகிரி திட்டம் தயாரிக்கணும்னும் சொல்லுச்சு. 18ல பள்ளி முடிச்சு போலீஸ் ஆகணும்னு இருக்கற பிள்ளைக்கு நடுவுல மூணு வருஷம் இருக்கு, அதை இந்தப் படிப்புல போடறது நல்ல யோசனைதான்.

நியூயார்க்ல சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. அங்க கியூனில (சிட்டி யூனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்) ஜஸ்டிஸ் அகாடமின்னு 2009ல ஆரம்பிச்சாங்க, கம்யூனிட்டி காலேஜ்ல சேரும்போதே கிரிமினல் ஜஸ்டிஸுக்குன்னே இருக்கற ஜான் ஜே காலேஜுக்கும் சேர்த்து இடம் குடுத்துடுவாங்க, ரெண்டு பக்கமும் ஒரே கூட்டு டிகிரித் திட்டம். போற இடம் முதல் நாளே தெரிஞ்சிடுது. கலிஃபோர்னியா அளவுக்கு அதைச் செய்யறது கஷ்டம்தான், ஆனா பக்கத்துப் பக்கத்துல இருக்கற காலேஜும் கேம்பஸுமாவது இப்படி ஜோடி சேரலாமே. அதைச் செஞ்சாங்கன்னா நான் அந்த அஞ்சாவது ஸ்டாரையும் போட்டுடுவேன்.

அப்ளை பண்ணும்போது ஒரு விஷயம், ஃபால் செமஸ்டருக்கு சிஎஸ்யு அப்ளிகேஷன் முந்தின வருஷம் அக்டோபர் 1ல திறக்கும். ஃபார்ம்ல டிரான்ஸ்ஃபர் டிகிரி முடிக்கறேன்னு எந்த மேஜர்ல, எந்த காலேஜ்லன்னு தெளிவா குறிப்பிடணும், உங்க காலேஜும் அதை சிஎஸ்யு கிட்ட உறுதி பண்ணணும். அந்த உறுதி போச்சான்னு நீங்களே காலேஜ் ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. வேற காலேஜ்ல ஏதாவது கிளாஸ் எடுத்திருந்தா அந்த டிரான்ஸ்கிரிப்ட்டையும் சேர்த்து அனுப்புங்க, சி-ஐடி நம்பர் இருக்கற கேட்டலாக் பக்கத்தை ஒரு காப்பி எடுத்து கையில வெச்சுக்கோங்க.