கிளினோஸ்டாட் பெட்டி: மோட்டார் நன்று, கையேடு சறுக்குகிறது

வேர் புவியீர்ப்பின் திசையை நோக்கி வளைவதை, அதாவது அதன் புவிநாட்டத்தை, வகுப்பறையில் காட்ட இந்தக் கிளினோஸ்டாட் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். செடியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் கருவிதான் கிளினோஸ்டாட். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் கியர் மோட்டார், படுக்கைவாட்டு அச்சில் ஒரு வட்டத்தட்டு, விதை வைக்க நான்கு பெட்ரி தட்டுகள் (மூடியுள்ள சிறு வட்டத் தட்டுகள்), கறுப்பு உறை, இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது.

வேகத் தேர்வு அருமை. வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடியின் நடுச் செல்களில் இருக்கும் தரச (மாவுச்சத்து) மணிகள் எப்போதும் அடிப்பக்கம் போய்ப் படியும். கிடையாகக் கிடக்கும் வேரில் அந்தப் பக்கத்துக்கே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகம் போகும். வேருக்கு ஆக்சின் மிகுந்தால் நீட்சி தடைபடும். மேல்பக்கம் மட்டும் நீள, நுனி கீழே வளைகிறது. இந்தச் சுழற்சியில் மணிகள் ஒரு பக்கமாகத் தங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. வேகத்தை 60 சுற்றாக்கினால், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி மையவிலக்கு விசை புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், சோதனையே கெட்டுவிடும். அந்த விசையும் வேரைத் திருப்பும்: 1806இல் தாவர ஆய்வாளர் தாமஸ் நைட் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி, வேர்கள் வெளிப்பக்கம் வளர்வதைக் காட்டினார்.

‘புவியீர்ப்பு நீங்கிவிடும்’ என்று கையேடு சொல்வது தவறு. ஈர்ப்பு அப்படியேதான் இருக்கிறது, திசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பெரிய குறை எதிர் எடை தராதது. வட்டத்தட்டின் ஒரு பக்கம் கனத்தால் அது இறங்கும்போது வேகமெடுத்து, ஏறும்போது திணறும். விளிம்பில் ஒரு புள்ளி வைத்து ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே நேரம் பாருங்கள். இரண்டும் 30 விநாடி வர வேண்டும். 28, 32 என்று வந்தால் சுழலும் வேரும் வளையத் தொடங்கும், மாணவர்கள் குழம்புவார்கள். களிமண் உருண்டை ஒன்றை எதிர்ப்பக்கம் ஒட்டினால் சரியாகிவிடும்.

பச்சைப்பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, வேர் 1 செ.மீ. நேராக வந்தவற்றை மட்டும் எடுங்கள். பெட்ரி தட்டில் விரிக்கும் வடிதாள் நனைந்தால் போதும். தேங்கிய நீர் சுழலும்போது வேரை மூழ்கடித்து அழுக வைக்கும். விதை நழுவாமல் மேலே ஈரப்பஞ்சு வைத்து மூடுங்கள். ஒரு பெட்ரி தட்டை வேர் கிடையாக இருக்கும்படி அசையாமல் நிறுத்துங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல் எதுவும் நிரூபணமாகாது. ஒளியும் வேரைத் திருப்பும், ஆகவே உறையைக் கழற்றாதீர்கள்.

மெல்லிய மைப்பேனாவும் பெட்டியில் இல்லை, அதைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால், அசையாத தட்டில் சில மணி நேரத்திலேயே கோடுகள் மேல்பக்கம் அகன்று விரியும். விரிவது நுனியில் அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால். உணர்வது ஓரிடம், வளைவது வேறிடம் என்பது அந்தக் கோடுகளில் தெரியும்.