டான்சிங் ஸ்கிரிப்ட், பசிபிகோ, கேவியட்: எதை எங்கே வைப்பது?

கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் கையெழுத்துப் பாணி எழுத்துரு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கிறார்கள். மூன்றும் இலவசம், திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வேலை கெட்டுவிடும்.

அழைப்பிதழ், நன்றி அட்டை, கேக் கடைப் பெயர் என்றால் என் தேர்வு டான்சிங் ஸ்கிரிப்ட். அர்ஜென்டினாவின் பாப்லோ இம்பல்லாரி வடிவமைத்தது. கோட்டின் கனத்தில் எமில் கிளம்ப் வடிவமைத்த மர்ரே ஹில் (1956) என்ற பழைய எழுத்துருவின் சாயல் தெரியும். துள்ளலில் ரோஜர் எக்ஸ்கோஃபோனின் மிஸ்ட்ரால் (1953) எழுத்துருவின் சாயல் தெரியும். எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்காமல் ஏறி இறங்கும், அளவும் லேசாக மாறும். கேப்பிடல் எழுத்துகள் பெரிதாக, எழுத்துகள் உட்காரும் அடிக்கோட்டுக்கும் கீழே இறங்கி நிற்கும். அழகும் அதுதான், தொல்லையும் அதுதான். மணமக்கள் பெயரை இரண்டு வரியாக அடுக்கிப் பாருங்கள்: மேல்வரி கேப்பிடலின் வால், கீழ்வரியில் உயர்ந்து நிற்கும் ‘எல்’, ‘ஹெச்’ தலையில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது கீழ்வரியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள். எழுத்து இடைவெளியை மட்டும் தொடவே வேண்டாம். கோத்து வரும் இணைப்புக் கோடு அறுந்து, பெயர் துண்டு துண்டாகிவிடும். முழுப் பெயரையும் கேப்பிடலில் அடித்தால் யாராலும் படிக்க முடியாது.

பசிபிகோ வேறு சாதி. 1950களின் அமெரிக்க அலைச்சறுக்குக் கலாசாரத்தை மனதில் வைத்து வெர்னன் ஆடம்ஸ் 2011இல் உருவாக்கியது. 2017இல் மீண்டும் வரையப்பட்டது. தடித்து உருண்ட தூரிகைக் கோடு. பலகை, டி-ஷர்ட், ஜூஸ் பாட்டில் என எட்ட நின்று படிக்க வேண்டிய இடங்களில் மற்ற இரண்டையும் இது தோற்கடிக்கும். திருமண அழைப்பிதழில் போட்டால் கடை விளம்பரம் போலாகிவிடும். இதில் ஒரே தடிமன்தான் உண்டு. மென்பொருளில் ‘போல்ட்’ அழுத்தினால் கோடு செயற்கையாக ஊதி, ஆங்கில ‘ஏ’, ‘ஈ’க்களின் உள்வெளி அடைபடும்.

கேவியட்டும் இம்பல்லாரியுடையதே. பேனாவால் கிறுக்கிய குறிப்பு போலிருக்கும். ஒரு சொல்லுக்குள் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து எழுத்தின் வடிவம் சற்றே மாறும். அச்சில் வார்த்த ஒழுங்கு தெரியாது. வடிவம் இப்படி மாற, மாற்று எழுத்து வடிவங்களைத் தானாக இடும் ஓபன்டைப் வசதி மென்பொருளில் இயங்க வேண்டும். புகைப்படத்தின் மேல் அம்புக்குறியிட்டு எழுத, பாடக் குறிப்பின் ஓரத்தில் விளக்கம் சேர்க்க இதுவே சரி. சிறிதாகத் தெரியும் என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

மூன்றிலும் தமிழ் எழுத்து கிடையாது. இருமொழி அழைப்பிதழில் தமிழ் வரி மட்டும் கணினியின் வழக்கமான எழுத்துருவுக்குத் தாவி, பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் என்ற எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கின்றன, மெல்லிய கையெழுத்துச் சாய்வோடு. டான்சிங் ஸ்கிரிப்ட் பக்கத்தில் அதைத் தயங்காமல் வைக்கலாம். பசிபிகோவின் கனத்துக்கு முன்னால் அது மெலிந்துபோகும். அங்கே தமிழுக்குத் தடித்த, உருண்ட எழுத்துருவாகவே பாருங்கள்.