கத்தியா, சூட்டு ஊசியா?

முதுகெலும்பில் அபூர்வமாக வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற எலும்புக் கட்டி புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஆனால் ராத்திரியில் தூங்கவிடாது. ஆஸ்பிரின் போட்டால் வலி அடங்குகிறது, இளவயதில் வலியோடு முதுகும் வளைகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் சுற்றியுள்ள வீக்கம் கண்ணைக் கட்டிவிடும்; மெல்லிய துண்டுகளாகப் படமெடுக்கும் சி.டி.தான் கட்டியின் மையத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, சிகிச்சை? சி.டி.யில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையால் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சுடுவது ஒரு வழி. பெரிய காயமில்லை, சீக்கிரமே நடமாடலாம். சிக்கல் என்னவென்றால், நரம்பும் தண்டுவடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நடுவில் எலும்புச் சுவர் முழுசாக இருந்தால் அது வெப்பத்தை ஓரளவு தடுக்கும். இல்லையென்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

அறுவை சிகிச்சையில் கட்டியை நேரில் பார்த்து எடுக்கலாம், பரிசோதனைக்குத் திசுவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மூட்டுப் பகுதியை அதிகம் செதுக்கினால் திருகாணி வைத்து முள்ளெலும்புகளை இணைக்க வேண்டிவரும். வளரும் பிள்ளைக்கு அது லேசான விஷயமல்ல.

நரம்பிலிருந்து தள்ளியிருக்கும் சிறு கட்டிக்கு என் ஓட்டு ஊசிக்கே. கட்டி நரம்பை அழுத்தினாலோ, 2 செ.மீ.யைத் தாண்டி, இதே குடும்பத்தின் பெரிய கட்டியான ஆஸ்டியோபிளாஸ்டோமாவாகத் தெரிந்தாலோ, கத்திதான்.