பாவித்த சைக்கிளுக்கு எந்த ஆண்டின் ரூபாயில் விலை வைப்பது?

2024 யூலை முதல் செப்டெம்பர் வரையான மூன்று மாதங்களில், இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் சேர்ந்து கிடந்த ஒரு சைக்கிளையும் அதனோடு தொடர்புடைய சாமான்களையும், மொத்தம் பதினொரு பொருட்களை, இணைய விளம்பரத் தளமொன்றின் மூலம் விற்பனைக்கு வைத்தேன். ஒன்பது விற்றன, இரண்டு இன்னும் விறாந்தையிலேயே இருக்கின்றன. அந்தத் தளத்தைப் பாவித்த அனுபவத்தின் மதிப்பீடு இது. தளத்தின் பெயரை எழுதவில்லை. இத்தகைய தளங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விதமாகவே இயங்குவதால் அதனால் வாசகருக்கு நட்டம் எதுவுமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் இடுவதற்குப் பணம் கேட்கவில்லை. தமிழிலேயே எல்லாவற்றையும் நிரப்ப முடிந்தது. மாவட்டம் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருப்பதால், ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் இருப்பவர்கள் என் பொருளைக் கண்டு, நேரில் வந்து, கையால் தொட்டுப் பார்த்து வாங்கினார்கள். இவ்வளவும் சரி. ஆனால் விளம்பரம் இடும் பக்கத்தின் நடுவில் ‘விலை’ என்றொரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த படிக்குப் போக முடியாது; அதை எப்படி நிரப்புவது என்பதற்குத் தளம் தரும் ஒரே உதவி, ‘இதுபோன்ற விளம்பரங்கள்’ என்று கீழே காட்டும் வரிசை மட்டுமே.

அந்த வரிசையை நம்பித்தான் நான் முதலில் ஏமாந்தேன். அங்கே தெரிவன எல்லாம் கேட்கப்பட்ட விலைகள்; கொடுக்கப்பட்ட விலைகள் அல்ல. நியாயமான விலைக்கு வைக்கப்பட்ட பொருள் இரண்டு நாளில் விற்றுப்போக, உரிமையாளர் விளம்பரத்தை அழித்துவிடுகிறார். அறாவிலை கேட்டவரின் விளம்பரமோ மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஆகவே புதிதாக விலை வைக்க வருபவரின் கண்ணில் படுவது பெரும்பாலும் விற்காத விலைகளின் தொகுப்பே. விற்ற விலையையும், விற்க எடுத்த நாட்களையும் சேமித்துக் காட்டுவது தளத்துக்குப் பெரிய வேலையாக இராது என்றே நினைக்கிறேன்.

உள்ளூரில் வழி தெரியாமல், பாவித்த சைக்கிள்களுக்கு மதிப்புச் சொல்லும் அமெரிக்க இணையத்தளமொன்றையும் பார்த்தேன். மாதிரியையும் ஆண்டையும் நிலையையும் கொடுத்தால் ஒரு தொகையை டொலரில் சொல்கிறது. அந்த நாட்டுச் சந்தைக்கு அது பொருந்தக்கூடும். அங்கே ஒரு சைக்கிள் வருடத்துக்கு வருடம் மலிந்துகொண்டு போவது இயல்பு. இங்கே மலிந்தது சைக்கிள் அல்ல, ரூபாய். 2018இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 155 ரூபாய், 2021இல் 200, 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது, நான் விற்ற காலத்தில் சுமார் 300. 2020 முதல் பல பொருட்களின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும், 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவமும் சேர்ந்து, பத்து வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்களையும் சைக்கிள் தேட வைத்தன. அந்த மாதங்களில் பழைய சைக்கிளுக்கும் குதிரை விலை சொன்னார்கள். அந்த விலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களின் விளம்பரங்கள்தான் அந்த வரிசையில் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னுடைய சைக்கிள் பின் சில்லில் எட்டுக் கியர்க் கசெற் (பற்சக்கரத் தொகுதி) பூட்டிய, 700சி அளவுச் சில்லுள்ள, சட்டம் (பிரேம்) இரும்பாலான ஒரு ஹைபிரிட் (தெருவுக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான வகை). 2018இல் 62,000 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன். வாங்கிய விலையிலிருந்து வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு போனால் அது 25,000 ரூபாய்க்கு வந்து நிற்கும். அந்தப் பணத்துக்கு இன்று அதன் இரண்டு சில்லுகளைக்கூடப் புதிதாக வாங்க முடியாது. ஆகவே பழைய பற்றுச்சீட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதற்கு நிகரான புதிய சைக்கிளின் இன்றைய கடை விலையைக் கொழும்பில் இரண்டு கடைகளில் தொலைபேசியில் கேட்டேன். 165,000 ரூபாய் என்றார்கள். ஆறு வருடம் ஓடியதற்கும், உத்தரவாதம் இல்லாததற்கும் அதில் சரிபாதியைக் கழித்தேன். அந்தப் பாதி என்பது விஞ்ஞானமல்ல, என் மனச்சாட்சி. மிகுதி 82,500இலிருந்து, வாங்குபவர் முதல் மாதத்திலேயே செலவழிக்க வேண்டிவரும் பணத்தைக் கழிப்பதுதான் கணக்கின் முக்கியமான பகுதி. விற்பவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வதும் அதைத்தான்.

செயினைச் சாதாரண இரும்பு அடிமட்டத்தால் அளந்தேன். புதிய செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து, அதை எண்ணாமல் அதற்கு அடுத்து வரும் இருபத்து நான்காவது ஆணியின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் அது பின் கசெற்றின் பற்களையும் தின்றிருக்கும், புதுச் செயினைப் போட்டாலும் பழைய பற்களில் வழுக்கும். என்னுடையது எட்டில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. எனவே செயினுக்கும் கசெற்றுக்குமாக 9,500 ரூபாயும், ஓரம் வெடிக்கத் தொடங்கிய இரண்டு ரயர்களுக்கு 8,000 ரூபாயும் கழித்து, 65,000 என்ற தொகைக்கு வந்தேன். றிம்மின் பக்கத்தில் பிரேக் கட்டை உராயும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டும். குழிந்திருந்தால் அந்தச் சில்லுக்கு விலையே வைக்கக்கூடாது. என் சில்லுகள் தப்பின.

இதற்கு மேல் நம் ஊருக்கே உரிய கழிவு ஒன்று இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் நிற்கும் சைக்கிளுக்குப் பிடிக்கும் கறள், கண்டியில் நிற்கும் சைக்கிளுக்குப் பிடிக்காது. வெளியே தெரியும் கறளைத் துடைத்துவிடலாம். உள்ளே இருப்பதுதான் பிரச்சினை. விளம்பரம் இடுவதற்கு முன் சைக்கிளைக் காத்தான்குடியில் நீண்ட காலமாகத் திருத்துகடை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கியரையோ பிரேக்கையோ பார்க்கவில்லை. சீற்றைத் தாங்கும் தண்டான சீற் போஸ்டைக் கட்டியிருந்த பூட்டைத் தளர்த்தி, சீற்றை இரு கையாலும் பிடித்து ஒருமுறை முறுக்கினார். அது அசையவில்லை.

“தம்பி, இது குழாயோட ஒட்டிப் போச்சு. வாங்க வாறவர் உங்கட உயரந்தானா?” என்று கேட்டார்.

அலுமினிய சீற் போஸ்ட் இரும்புக் குழாய்க்குள் வருடக்கணக்கில் கிறீஸ் இல்லாமல் இருக்கும்போது, உப்புக் காற்றின் ஈரம் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் அரிப்பை உண்டாக்கி, அலுமினியம் ஊதிக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆறு வருடத்தில் நான் ஒருமுறையும் சீற்றை உயர்த்தவோ தாழ்த்தவோ இல்லை என்பதால் அது எனக்குத் தெரியவேயில்லை. காக்கா எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்து கழற்றி, உள்ளே தேய்த்து, கிறீஸ் பூசித் திருப்பித் தந்தார். 1,500 ரூபாய் எடுத்தார். அதைச் செய்யாமல் விற்றிருந்தால், என்னைவிட நான்கு விரல் உயரம் குறைந்த எவருக்கும் அந்தச் சைக்கிளின் பெறுமதி பூச்சியமாக இருந்திருக்கும். மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ சைக்கிள் வாங்குபவர்கள் ஓடிப் பார்ப்பதற்கு முன் சீற்றை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்திப் பாருங்கள். மசியவில்லை என்றால் விலையில் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள்.

65,000 பெற வேண்டும் என்பதால் 68,000 என்று விளம்பரம் இட்டேன். பேரத்துக்கென்று சிறிது கூட்டி வைப்பதை நான் தவறாக எண்ணவில்லை. ‘இறுதி விலை’ என்று எழுதினாலும் இங்கே எவரும் அதை நம்புவதில்லை. சைக்கிளுக்கு மட்டும் வந்த முதல் இருபது செய்திகளில் பதினான்கு ‘கடைசி விலை என்ன?’ என்ற மூன்று சொற்கள்தான். அவர்களில் ஒருவரும் நேரில் வரவில்லை. வாங்கியவர், அந்தக் கேள்வியையே கேட்காமல், சட்டத்தின் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னவர். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் அந்த இலக்கத்தைக் கேட்பவர் களவுச் சாமானுக்கு அஞ்சுகிறார் என்று பொருள்; அப்படிப்பட்டவர் பணத்தோடுதான் வருவார்.

வாழைச்சேனையிலிருந்து தகப்பனும் உயர்தரம் படிக்கும் மகனுமாக வந்தார்கள். மகன் பழைய கல்லடிப் பாலம் வரை ஓடிப் பார்க்கப் போன நேரத்தில் தகப்பன் என் பழைய பற்றுச்சீட்டை வாங்கி வாசித்தார். அதை நான்தான் நேர்மைக்காகக் காட்டினேன்.

“ஆறு வருசம் ஓடின சைக்கிளுக்கு வாங்கின விலையை விடக் கூடக் கேக்கிறீங்களே, தம்பி?”

நியாயமான கேள்வி. 62,000 என்பது அன்றைக்கு ஏறக்குறைய 400 டொலர், இன்றைக்கு நான் பெற நினைக்கும் தொகை 217 டொலர்கூட இல்லை என்று விளக்கினேன். டொலர்க் கணக்கு அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் புதிய விலை, பாதி, செயின், ரயர் என்று வரிசையாகக் கழித்து எழுதியிருந்த கொப்பித் தாளைக் கொடுத்தபோது அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பின்பு எழுந்து போய், திரும்பி வந்த சைக்கிளின் பின் ரயரில் நான் கவனித்திராத ஒரு வெட்டைக் கண்டுபிடித்து, “ரியூப்பும் மாத்த வேணும்போல” என்றார். 64,000க்கு முடிந்தது. மகன் அதிலேயே வாழைச்சேனைக்கு ஓடிப் போனான்; தகப்பன் பேருந்தில் போனார்.

சிறு பொருட்களில் சொல்ல அதிகமில்லை. நின்று அடிக்கும் பம், சாமான் பைகள், பெடல்கள் ஆகியவை புதிய விலையின் பாதிக்கும் அறுபது வீதத்துக்கும் இடையில் ஒரு வாரத்துக்குள் விற்றன. மின்கலம் உள்ளிருக்கும் பொருட்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. வேகமும் தூரமும் காட்டும் சிறு கணினி முழு மின்னேற்றத்தில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்று ஒருநாள் ஓடிப் பார்த்து அதையும் எழுதினேன், புதிய விலையின் மூன்றில் ஒரு பங்கே கேட்டேன். விளக்குச் சோடியை வீட்டில் இடம் ஒழிந்தால் போதும் என்று 500 ரூபாய்க்கு வைத்தபோது, மூன்று பேர் ‘பழுதா?’ என்று கேட்டார்கள், ஒருவரும் வரவில்லை. 1,800 என்று மாற்றிய அன்று மாலையே விற்றது. அடிமாட்டு விலையும் ஒரு சந்தேகத்தைத்தான் விற்கிறது.

தலைக்கவசம் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்றைப் போட்டிருந்தபோது 2021இல் விழுந்திருக்கிறேன். அதன் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஓர் அடியை வாங்கி நசிவதற்கென்றே செய்யப்பட்டது. ஒருமுறை நசிந்தால் மேல் ஓட்டில் கீறல்கூட இல்லாவிட்டாலும் அடுத்த அடியைத் தாங்காது. அந்தத் தலைக்கவசத்துக்கு நியாயமான விலை என்று ஒன்று கிடையாது. அதை வெட்டிக் குப்பையில் போட்டேன். விழாத மற்றதை, உட்புறத்தில் ஒட்டியிருந்த உற்பத்தித் திகதியின் படத்தோடு 2,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். தளத்தின் படிவத்தில் நிறம், அளவு, வணிகப் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. விழுந்ததா, எந்த ஆண்டு செய்தது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. இதற்காக மட்டுமே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். விற்ற விலையைக் காட்டாததற்கு இன்னொன்று. மீதி மூன்று.

லுமாலா போன்ற சாதாரண 28 அங்குலச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தளமே தேவையில்லை. அதன் விலையைச் சந்திச் சைக்கிள் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

விற்காத இரண்டில் ஒன்று 46ஆம் அளவுச் சப்பாத்து. அந்தக் காலுக்கு உரியவர் எங்காவது இருப்பார். மற்றது 2020இன் ஊரடங்கில் வாங்கிய, வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் ட்ரெயினர். ‘இதுபோன்ற விளம்பரங்கள்’ வரிசையைப் பார்த்து அதற்கு 30,000 என்று வைத்தேன். மட்டக்களப்பு வெக்கையில் காற்றில்லாத அறைக்குள் இருந்து மிதிக்க எவரும் விரும்பவில்லை. கொழும்பிலிருந்து கேட்டவர்கள் அதன் நிறைக்குரிய கூரியர் கட்டணத்தைக் கேட்டதும் மறைந்தார்கள். 25,000, 20,000 என்று இறங்கி இப்போது 18,000இல் நிற்கிறது. முதல் மாத முடிவில், கல்முனையில் ஒருவர் அதே வகை ட்ரெயினரை 29,500 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருப்பதைக் கண்டேன். என் விலையைப் பார்த்து ஐந்நூறு குறைத்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. எனக்கு ஒரு மாதமாக எவரும் 20,000கூடக் கேட்கவில்லை, அந்த விலையை நம்ப வேண்டாம் என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது:

“அப்ப நீங்க கடைசியா எவ்வளவுக்கு விடுவீங்க, அண்ணன்?”